நார்மல் ஃபார்ம் விடை தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

ஒரு ரிலேஷனையும் (டேட்டாபேஸ் டேபிள்) அதன் சார்புகளையும் (எந்தப் பண்பு, அதாவது எந்த நெடுவரிசை, எதைத் தீர்மானிக்கிறது என்ற விதிகள்) கொடுத்து, இது எந்த நார்மல் ஃபார்மில் (தகவல் தேவையில்லாமல் திரும்ப எழுதப்படாதபடி டேபிளை அமைக்கும் படிகள், 1என்எஃப், 2என்எஃப், 3என்எஃப், பிசிஎன்எஃப் என்று கடுமை ஏறிக்கொண்டே போகும்) இருக்கிறது என்று கேட்டால், வரையறைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடியவர்கள்கூடத் தப்பான விடைக்குப் போய்ச் சேருகிறார்கள். தப்பு என்று தெரிந்ததும் 2என்எஃப், 3என்எஃப் வரையறைகளை மறுபடி படிக்க உட்காருகிறார்கள். ஆனால் பிழை அங்கே இருப்பது அபூர்வம். நான் பார்த்த தப்பான விடைகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய படியில், கேண்டிடேட் கீகளை (ஒரு வரியை அடையாளம் காட்டப் போதுமான, மேலும் குறைக்க முடியாத பண்புத் தொகுதிகள்) கண்டுபிடிக்கும் இடத்திலேயே சறுக்கியவை. ஒரு கீ விட்டுப்போனால் பிரைம் பண்புகளின், அதாவது கீகளில் இடம்பெறும் பண்புகளின், பட்டியல் மாறும், பட்டியல் மாறினால் அதன் மேல் நிற்கும் 2என்எஃப் சோதனை, 3என்எஃப் சோதனை இரண்டும் தப்பான பண்புகளைக் குற்றம் சொல்லும்.

அதனால் இதை வரையறை வாரியாக இல்லாமல் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். பண்புகளுக்கு க, ச, ட, த என்று எழுத்துகள் வைத்திருக்கிறேன். "க → ச" என்றால் க தெரிந்தால் ச தெரிந்துவிடும், ஒரு க மதிப்புக்கு ஒரே ஒரு ச மதிப்புதான், அவ்வளவே.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

க்ளோஷர் கணக்கு, அதாவது ஒரு பண்புத் தொகுதி தெரிந்தால் வேறு எந்தெந்தப் பண்புகள் தெரிந்துவிடும் என்ற கணக்கு, பிசகாமல் போடத் தெரிய வேண்டும். ஒரு பண்புத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சார்பின் இடப்பக்கம் முழுவதும் அந்தத் தொகுதிக்குள் இருக்கிறதோ அதன் வலப்பக்கத்தையும் உள்ளே சேருங்கள். சேர்த்த பிறகு மறுபடி முதல் சார்பிலிருந்து பாருங்கள், புதிதாக எதுவும் சேராத வரை. இந்த "மறுபடி முதலிலிருந்து" என்பதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். ஒரே சுற்றில் நிறுத்தியவருக்குக் க்ளோஷர் குறைவாக வரும், கீ இல்லாததுபோல் தெரியும். ஆம்ஸ்ட்ராங் 1974இல் கொடுத்த விதிகளைத் தனித்தனியாகப் போட்டுச் சார்புகளை வருவிப்பதைவிட இது எவ்வளவோ சுலபம், விடையும் அதேதான்.

க்ளோஷர் எல்லாப் பண்புகளையும் எட்டினால் அது சூப்பர் கீ. அதிலிருந்து எந்த ஒரு பண்பை எடுத்தாலும் எட்டாது என்றால் அதுதான் கேண்டிடேட் கீ. ஏதாவது ஒரு கேண்டிடேட் கீயில் இடம்பெறும் பண்பு பிரைம்.

சோதனைகள் மூன்று. கீயின் ஒரு பகுதி மட்டும் தனியாக ஒரு பிரைம் அல்லாத பண்பைத் தீர்மானித்தால் (இதைத்தான் கீழே பார்ஷியல் என்கிறேன்) 2என்எஃப் உடைந்தது, மிஞ்சுவது 1என்எஃப் (ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு என்ற அடிப்படை) மட்டுமே. 3என்எஃப்புக்கு, ஒவ்வொரு சார்பிலும் இடப்பக்கம் சூப்பர் கீயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வலப்பக்கம் பிரைமாக இருக்க வேண்டும் (ஸானியோலோ 1982இல் எழுதிய வடிவம் இது, ரிலேஷனல் மாதிரியை உருவாக்கிய காட் சொன்ன டிரான்சிட்டிவ் வரையறைக்கு, அதாவது கீ அல்லாத ஒன்றின் வழியாகப் பிரைம் அல்லாத பண்பு தீர்மானிக்கப்படக் கூடாது என்பதற்கு, சமம், கணக்குப் போட இதுவே எளிது). பிசிஎன்எஃப்பில் அந்த இரண்டாவது சலுகை கிடையாது. இடப்பக்கத்திலேயே வலப்பக்கமும் அடங்கிய அற்பச் சார்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அறிகுறி: சரியான விடை 3என்எஃப், எனக்கு 2என்எஃப்தான் வருகிறது

இதுதான் அதிகம் நடப்பது. ஒரு கீ கிடைத்ததும் தேடலை நிறுத்தியிருப்பீர்கள்.

ரிலேஷன் (க, ச, ட, த). சார்புகள்: (க, ச) → ட, ட → த, த → க.

(க, ச) என்பதன் க்ளோஷர் எல்லாவற்றையும் எட்டுகிறது, க மட்டும் எட்டாது, ச மட்டும் எட்டாது, ஆக இது கேண்டிடேட் கீ. இதோடு நிறுத்தினால் டவும் தவும் பிரைம் அல்லாதவை. ட → த என்பதில் இடப்பக்கம் சூப்பர் கீ இல்லை, வலப்பக்கம் பிரைம் இல்லை, 3என்எஃப் உடைந்தது, பார்ஷியல் எதுவும் இல்லை, ஆகவே 2என்எஃப். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் விடை தப்பு.

இன்னும் இரண்டு கீகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிடிக்க நான் எப்போதும் செய்வது இது. கையில் உள்ள கீயில் ஒரு பண்பை எடுத்து, அது எந்தச் சார்பின் வலப்பக்கத்தில் இருக்கிறது என்று தேடுகிறேன். (க, ச) கீயில் க இருக்கிறது, த → க என்ற சார்பு அதைக் கொடுக்கிறது. அப்படியானால் கவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தவைப் போடலாம்: (த, ச). இதுவும் எல்லாவற்றையும் எட்டும். இனி தவை எது கொடுக்கிறது? ட → த. மாற்றிப் போட்டால் (ட, ச). இப்போது டவை எது கொடுக்கிறது? (க, ச) → ட. மாற்றிப் போட்டால் (க, ச), ஏற்கெனவே இருக்கிறது, சுற்று முடிந்தது. ச எந்தச் சார்பின் வலப்பக்கத்திலும் இல்லை, அதனால் அதை மாற்ற வழியே இல்லை, எல்லாக் கீயிலும் அது இருந்தே தீரும்.

மூன்று கீகள், நான்கு பண்பும் பிரைம், ஆகவே 3என்எஃப். ட → த என்பதில் ட சூப்பர் கீ இல்லாததால் பிசிஎன்எஃப் இல்லை.

மாற்றிப் போடும்போது ஒரு எச்சரிக்கை. கிடைப்பது சூப்பர் கீ என்பது மட்டுமே உறுதி. அது கேண்டிடேட் கீதானா என்று ஒவ்வொரு பண்பாக எடுத்துப் பார்த்துச் சுருக்க வேண்டும், அப்புறம்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதேபோல் புதிதாகக் கிடைத்த ஒவ்வொரு கீயையும் மறுபடி எல்லாச் சார்புகளோடும் ஓட்ட வேண்டும். லுக்கேசியும் ஆஸ்போர்னும் 1978இல் வெளியிட்ட முறையின் சாரம் இதுதான், இப்படிச் செய்தால் ஒரு கீகூடத் தப்பாது. ஒரு பண்பு பிரைமா என்று கண்டுபிடிப்பது பொதுவாக என்பி-முழுமை வகையைச் சேர்ந்த (வேகமான பொது வழி எதுவும் தெரியாத) கடினமான கேள்வி என்பதையும் அதே ஆய்வில் காட்டினார்கள். 4 பண்புகள் உள்ள ரிலேஷனில் 6 கேண்டிடேட் கீ வரை இருக்க முடியும், 10 பண்புகள் என்றால் 252 வரை. கண்ணால் பார்த்து "வேறு கீ இருக்காது" என்று சொல்லிவிடுவது ஏன் ஆபத்து என்று இந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.

அறிகுறி: 1என்எஃப் என்று எழுதினேன், ஆனால் கீயே ஒற்றைப் பண்புதான் என்கிறார்கள்

சூப்பர் கீயைக் கேண்டிடேட் கீ என்று எடுத்துக்கொண்டதன் விளைவு. (க, ச, ட) என்ற ரிலேஷன், க → ச, ச → ட. யாரோ (க, ச) கீ என்று எழுதிவிட்டால், அதில் ச மட்டும் டவைத் தீர்மானிக்கிறது, பார்ஷியல், 2என்எஃப் உடைந்தது என்று போய்விடும். உண்மையில் க ஒன்றே போதும். ஒற்றைப் பண்புக் கீயின் "பகுதி" என்று ஒன்று கிடையாது, அதனால் 2என்எஃப் தானாகவே சரி, ச → ட டிரான்சிட்டிவ் என்பதால் 3என்எஃப் இல்லை. விடை 2என்எஃப்.

எந்தப் பண்புகள் கீக்குள் வரவே வராது என்று முதலில் தள்ளிவைத்தால் இது நடக்காது. வலப்பக்கத்தில் மட்டும் தோன்றி எந்த இடப்பக்கத்திலும் தோன்றாத பண்பு (இங்கே ட) எந்தக் கீயிலும் இருக்காது. எந்த வலப்பக்கத்திலும் தோன்றாதது எல்லாக் கீயிலும் இருக்கும், எந்தச் சார்பிலுமே தோன்றாமல் ஓரமாக நிற்கும் பண்பும் இதில் சேர்த்தி. அப்படி ஓரமாக நிற்பதை மறந்துவிட்டுக் கீ எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது.

அறிகுறி: கீயின் ஒரு பகுதி இடப்பக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் 2என்எஃப் உடையவில்லை என்கிறார்கள்

வலப்பக்கத்தைப் பாருங்கள். அது பிரைம் என்றால் 2என்எஃப் அதைக் கண்டுகொள்ளாது, 3என்எஃப்பும் கண்டுகொள்ளாது. பார்ஷியல் என்ற சொல்லை இடப்பக்கத்தை மட்டும் வைத்துப் படித்ததால் வந்த குழப்பம்.

இதை நிஜமான டேபிளில் பார்ப்பது நல்லது. (நோயாளி, துறை, மருத்துவர்). ஒரு நோயாளிக்கு ஒரு துறையில் ஒரே மருத்துவர்தான் என்று விதி: (நோயாளி, துறை) → மருத்துவர். ஒரு மருத்துவர் ஒரே துறையில்தான் வேலை செய்வார்: மருத்துவர் → துறை. கீகள் இரண்டு, (நோயாளி, துறை) ஒன்று, (நோயாளி, மருத்துவர்) இன்னொன்று. மூன்று பண்பும் பிரைம். மருத்துவர் என்பது இரண்டாவது கீயின் பகுதி, அது துறையைத் தீர்மானிக்கிறது, ஆனால் துறை பிரைம். ஆக 3என்எஃப் சரி, பிசிஎன்எஃப் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதற்கு அடுத்து வரும் கேள்விதான் வேலையில் உண்மையாக வரும்: இதை உடைக்கலாமா? டேபிளில் ஒரு மருத்துவரின் துறை அவருடைய ஒவ்வொரு நோயாளி வரியிலும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது, நோயாளியே இல்லாத புது மருத்துவரின் துறையைப் பதிய இடமே இல்லை. பிசிஎன்எஃப்புக்குப் போகலாம் என்று (மருத்துவர், துறை), (நோயாளி, மருத்துவர்) என இரண்டாக உடைத்தால் இந்தத் தொல்லைகள் தீரும், தகவலும் இழக்காது. ஆனால் முதல் விதி போய்விடும். ஒரே துறையைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்களை ஒரே நோயாளிக்குப் பதிந்தால் இரண்டு டேபிளில் எதுவும் தடுக்காது, இரண்டையும் ஜாயின் செய்து, அதாவது ஒன்றாக இணைத்துப் பார்த்தால்தான் மீறல் தெரியும். 3என்எஃப்புக்குத் தகவலும் இழக்காமல் எல்லாச் சார்பையும் காப்பாற்றி உடைக்க எப்போதும் முடியும், பெர்ன்ஸ்டைன் 1976இல் கொடுத்த தொகுப்பு முறையை ஒட்டி வந்த வழி அது. பிசிஎன்எஃப்புக்கு அந்த உத்தரவாதம் இல்லை, இந்த மூன்று பண்பு டேபிளே அதற்குச் சாட்சி.

நான் இப்படிப்பட்ட இடத்தில் உடைக்க மாட்டேன். மூன்று பண்பு டேபிளை அப்படியே வைத்துக்கொண்டு, (நோயாளி, துறை) என்பதைப் பிரைமரி கீ (கேண்டிடேட் கீகளில் நாம் தேர்ந்தெடுத்து அறிவிப்பது) ஆக்குவேன். தனியாக ஒரு மருத்துவர் டேபிள் போட்டு அதில் மருத்துவரைப் பிரைமரி கீ ஆக்கி, கூடவே (மருத்துவர், துறை) ஜோடிக்கு ஒரு யூனிக் கட்டுப்பாடும் (ஒரே ஜோடி இரண்டு முறை வராது என்ற விதி) கொடுப்பேன். பிறகு பெரிய டேபிளிலிருந்து (மருத்துவர், துறை) இரண்டையும் சேர்த்து ஒரே ஃபாரின் கீயாக (அங்கே உள்ள ஜோடியை மட்டுமே ஏற்கும் இணைப்பு) அங்கே காட்டுவேன். துறை திரும்பத் திரும்ப எழுதப்படுவது தொடரும், ஆனால் முரணாக எழுத முடியாது, புது மருத்துவருக்கும் இடம் உண்டு, இரண்டு விதியும் டேட்டாபேஸே காக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் இது டிரிகர் (மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் நிரல்) எதுவும் எழுதாமலே வேலை செய்கிறது.

அறிகுறி: கொடுத்த சார்புகள் ஒவ்வொன்றையும் சோதித்தேன், 2என்எஃப் என்று வந்தது, விடை 1என்எஃப்

இது நுட்பமான பிழை, நன்றாகப் படித்தவர்களுக்கும் வருவது. 3என்எஃப், பிசிஎன்எஃப் சோதனைகளுக்குக் கொடுத்த சார்புகளை மட்டும் பார்த்தால் போதும். 2என்எஃப்புக்கு அது போதாது.

(க, ச, ட, த). சார்புகள்: க → ச, ச → க, (க, ச) → த.

ட எந்த வலப்பக்கத்திலும் இல்லை, எல்லாக் கீயிலும் இருக்கும். கீகள் (க, ட), (ச, ட). த மட்டும் பிரைம் அல்லாதது. இப்போது (க, ச) → த என்ற சார்பைப் பாருங்கள். (க, ச) சூப்பர் கீ இல்லை, த பிரைம் இல்லை, 3என்எஃப் உடைந்தது, சரி. ஆனால் (க, ச) எந்தக் கீயின் பகுதி? எதற்குள்ளும் அது இல்லை. அதனால் பார்ஷியல் இல்லை, 2என்எஃப் என்று எழுதத் தோன்றும்.

ஆனால் க மட்டும் எடுத்து க்ளோஷர் போட்டுப் பாருங்கள். க → ச, உடனே (க, ச) → த. ஆக க → த. க என்பது (க, ட) கீயின் பகுதி. பார்ஷியல் இருக்கிறது, 1என்எஃப்தான்.

திருத்தும் வழி இரண்டு. ஒன்று, சோதிக்கும் முன் சார்புகளின் இடப்பக்கத்தில் தேவையில்லாமல் நிற்கும் பண்புகளை நீக்கிச் சுத்தம் செய்துகொள்வது, (க, ச) → த என்பது க → த ஆகிவிடும், ஒளிந்திருந்த பார்ஷியல் வெளியே வந்துவிடும். இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் நழுவ இடமில்லை: ஒவ்வொரு கேண்டிடேட் கீயையும் எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு பண்பை மட்டும் விலக்கி, மீதியின் க்ளோஷரில் பிரைம் அல்லாத பண்பு ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று பண்புக் கீ என்றால் மூன்று க்ளோஷர்தான். அதைவிடச் சின்னப் பகுதிகளைத் தனியாகப் பார்க்கத் தேவையில்லை, சின்னதின் க்ளோஷர் பெரியதின் க்ளோஷருக்குள் அடங்கிவிடும்.

வலப்பக்கத்தில் இரண்டு பண்பு சேர்ந்து நின்றால் அதையும் பிரித்து எழுதிவிடுங்கள். க → (ச, த) என்பதில் ச பிரைமாக இருந்து த இல்லாமல் இருக்கலாம், சேர்த்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று கண்ணில் படாமல் போகும்.

அறிகுறி: உடைத்த பிறகு பிசிஎன்எஃப் என்று நினைத்தேன், இன்னும் இல்லையாம்

உடைத்து வந்த சிறிய டேபிளுக்குள் கொடுத்த சார்பு எதுவும் முழுசாக அடங்கவில்லை என்பதால் "இதில் சார்பே இல்லை" என்று முடிவு செய்திருப்பீர்கள். வருவிக்கப்படும் சார்புகள் உள்ளே இருக்கும்.

(க, ச, ட, த), க → ச, ச → ட. கீ (க, த). இதை (க, ச), (க, ட, த) என்று உடைத்தால், இரண்டாவதில் ச இல்லை, அதனால் இரண்டு சார்பில் எதையும் அங்கே எழுத முடியாது. ஆனால் க → ச → ட வழியாக க → ட அங்கே உயிரோடு இருக்கிறது. (க, ட, த) டேபிளின் கீ (க, த), அதன் பகுதியான க, பிரைம் அல்லாத டவைத் தீர்மானிக்கிறது. பிசிஎன்எஃப் இருக்கட்டும், 2என்எஃப்கூட இல்லை.

உடைத்த ஒவ்வொரு டேபிளுக்கும், அதன் பண்புகளின் ஒவ்வொரு உட்தொகுதிக்கும் மூல ரிலேஷனின் சார்புகளை வைத்தே க்ளோஷர் போட்டு, அதில் அந்த டேபிளுக்குள் இருக்கும் பண்புகளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். க்ளோஷர் கொஞ்சம் எட்டி, ஆனால் டேபிளின் எல்லாப் பண்பையும் எட்டாமல் நின்றால் அங்கே மீறல். வேலை அதிகம்தான், பெரிய டேபிளில் மிக அதிகம், சுருக்குவழி பொதுவாகக் கிடையாது. இரண்டே பண்பு உள்ள டேபிள் எப்போதும் பிசிஎன்எஃப் என்பதால் அவற்றை மட்டும் சோதிக்காமல் விட்டுவிடலாம்.

அறிகுறி: டேபிளில் ஐடி இருக்கிறது, ஆக 2என்எஃப் தானாகவே சரி என்று நினைத்தேன்

பாடப்புத்தகத்தில் அல்ல, வேலையில் வரும் பிழை இது, பரவலாகவும் இருக்கிறது. (வரி எண், ஆர்டர், பொருள், பொருள் பெயர், எண்ணிக்கை) என்று ஒரு டேபிள். வரி எண் தானாக ஏறும் எண், அதுதான் பிரைமரி கீ. பொருள் → பொருள் பெயர் என்ற சார்பு எப்படியும் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி: ஒரு ஆர்டரில் ஒரு பொருள் ஒரு முறைதான் வருமா? ஆம் என்றால் (ஆர்டர், பொருள்) ஜோடியும் கேண்டிடேட் கீ, அது பிரைமரி கீயாக அறிவிக்கப்படாவிட்டாலும். அப்போது பொருள் → பொருள் பெயர் பார்ஷியல், டேபிள் 1என்எஃப். இல்லை, ஒரே பொருள் இரண்டு வரியில் வரலாம் என்றால் வரி எண் மட்டுமே கீ, 2என்எஃப் சரி, ஆனால் 3என்எஃப் உடைகிறது. இரண்டிலும் பொருள் பெயர் தனி டேபிளுக்குப் போயே ஆக வேண்டும். ஐடி சேர்த்ததால் பெயர் திரும்பத் திரும்ப எழுதப்படுவது ஒரு வரிகூடக் குறையவில்லை. நார்மல் ஃபார்ம் கேட்பது எல்லாக் கேண்டிடேட் கீகளையும், பிரைமரி கீ என்று நாம் தேர்ந்தெடுத்த ஒன்றை மட்டுமல்ல.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் வகையில் (ஆர்டர், பொருள்) ஜோடிக்கு யூனிக் கட்டுப்பாடு போடாமல் விட்டால், அந்த விதி நம் மனசில் மட்டும் இருக்கும், ஒரு நாள் யாரோ பொத்தானை இரண்டு முறை அழுத்தியதில் ஒரே பொருள் இரண்டு வரியாக உள்ளே போயிருக்கும்.

அறிகுறி: சார்புகள் கொடுக்கவில்லை, வரிகள்தான் இருக்கின்றன, நான் கண்டுபிடித்த சார்பு தப்பு என்கிறார்கள்

வரிகளைப் பார்த்து ஒரு சார்பை மறுக்கலாம், நிரூபிக்க முடியாது. (க, ச) மதிப்புகள் (1, 5), (2, 5), (3, 6) என்று இருந்தால், ச → க நிச்சயமாக இல்லை, ஏனென்றால் 5 ஒரு முறை 1உடன், ஒரு முறை 2உடன் நிற்கிறது. க → ச இருக்கிறதா? இந்த மூன்று வரிகள் மறுக்கவில்லை, அவ்வளவுதான். நாளை (1, 7) என்று ஒரு வரி வரலாமா என்பதை அந்தத் தகவல் எதைப் பற்றியதோ அந்த வேலையைத் தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும். முக்கியமாக, எல்லா வரியிலும் வேறு வேறு மதிப்பு உள்ள பண்பு எல்லாவற்றையும் தீர்மானிப்பதுபோலத் தெரியும். பத்து வரியில் எல்லாப் பெயரும் வேறாக இருப்பதால் பெயர் கீ ஆகிவிடாது.

அறிகுறி: பிசிஎன்எஃப் என்று உறுதியாகத் தெரிகிறது, ஆனாலும் டேபிள் முழுக்க ஒரே தகவல் திரும்பத் திரும்ப வருகிறது

சோதனையில் பிழை இல்லை. வேறு வகைச் சார்பு. (ஊழியர், மொழி, திறன்) என்ற டேபிளில் ஒருவருக்கு 3 மொழியும் 4 திறனும் தெரியும், இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை என்றால், எல்லா ஜோடியையும் எழுதியாக வேண்டும், 12 வரி. மூன்று பண்பும் சேர்ந்ததே கீ, அற்பமல்லாத சார்பு ஒன்றும் இல்லை, பிசிஎன்எஃப் கச்சிதமாகப் பொருந்துகிறது. இது பல மதிப்புச் சார்பு, ஃபேகின் 1977இல் 4என்எஃப் என்று வரையறுத்தது இதற்காகத்தான். (ஊழியர், மொழி), (ஊழியர், திறன்) என்று உடைத்தால் 7 வரியில் முடிந்துவிடும்.

எப்போது இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல விதி இருக்கிறது, டேட், ஃபேகின் இருவரும் 1992இல் நிறுவியது: டேபிள் பிசிஎன்எஃப்பில் இருந்து, கேண்டிடேட் கீகளில் ஏதாவது ஒன்று ஒற்றைப் பண்பாக இருந்தால் அது 4என்எஃப்பும்தான். அதனால் கீ முழுக்கக் கூட்டுக் கீயாக இருக்கும் இணைப்பு டேபிள்களை மட்டும் பார்த்தால் போதும். அங்கேயும் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். குறிப்பிட்ட திறனைக் குறிப்பிட்ட மொழியில்தான் பயன்படுத்துவார் என்று தொடர்பு இருந்தால் மூன்று பண்பு டேபிள்தான் சரி, உடைத்தால் ஜாயின் செய்யும்போது உண்மையில் இல்லாத ஜோடிகள் முளைக்கும்.

அறிகுறி: ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் இரண்டு விடை, இரண்டும் சரியாகத் தெரிகிறது

வரையறையைப் பாருங்கள். சில பாடநூல்கள் 2என்எஃப், 3என்எஃப் இரண்டையும் முதலில் பிரைமரி கீயை மட்டும் வைத்து எளிமையாகச் சொல்லிவிட்டு, பிறகுதான் எல்லாக் கேண்டிடேட் கீகளுக்குமான பொது வரையறைக்கு வருகின்றன. முதல் பாதியோடு நிறுத்தியவரும் இரண்டாம் பாதியைப் படித்தவரும் ஒரே ரிலேஷனுக்கு வேறு வேறு விடை சொல்வார்கள். மேலே முதல் அறிகுறியில் உள்ள (க, ச, ட, த) ரிலேஷனில் (க, ச)வைப் பிரைமரி கீ என்று வைத்து எளிய வரையறையைப் போட்டால் 2என்எஃப் என்றுதான் வரும். பொது வரையறைதான் ஏற்க வேண்டியது.

1என்எஃப்பிலும் இதே மாதிரி சர்ச்சை உண்டு. ஒரே கட்டத்தில் மூன்று தொலைபேசி எண்களைக் கமா போட்டு அடைத்தால் மீறல் என்பதில் பெரும்பாலும் சண்டை இல்லை. தொலைபேசி 1, தொலைபேசி 2, தொலைபேசி 3 என்று மூன்று நெடுவரிசை வைத்தால் சிலர் மீறல் என்பார்கள், சிலர் மோசமான வடிவமைப்புதான் ஆனால் மீறல் இல்லை என்பார்கள். என் கருத்து இரண்டாவது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே மதிப்புதானே இருக்கிறது. அதற்காக அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை, நான்காவது எண் வரும் நாளில் டேபிளின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும், ஒரு எண் யாருடையது என்று தேட மூன்று நெடுவரிசையிலும் தேட வேண்டியிருக்கும். தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால், எந்த வரையறையை எடுத்துக்கொண்டீர்கள் என்று விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், கூடவே கண்டுபிடித்த எல்லாக் கீகளையும். திருத்துபவர் வேறு விடையை எதிர்பார்த்திருந்தாலும், நீங்கள் எந்த இடத்தில் பிரிந்தீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.